நவம்பர் வியாழனும் ஒரு பத்திரிகைக்காரியும்

நவம்பர் பிறந்தால் ஊரிலிருந்து வரும் போன்களில் ஒரு கேள்வி கட்டாயம் இருக்கும். பாளையங்கோட்டையிலிருந்து பெரியம்மா கேட்பார்: "ஏட்டி, ஒங்களுக்கு நாலு நாள் லீவாம்லா? என்ன, அமெரிக்காக்காரன் பொங்கலா?"

"ஆமா பெரியம்மா, அப்படித்தான்னு வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். போனில் விளக்கக்கூடிய சங்கதியா அது? அறுவடை, நன்றி, குடும்பம் கூடிச் சாப்பிடுவது என்று மேலோட்டமாகப் பார்த்தால் பொங்கல் மாதிரிதான் தெரியும். ஆனால் பொங்கலை யாரும் அரசாணை போட்டு ஆரம்பிக்கவில்லை. தை பிறந்தால் பானை அடுப்பில் ஏறும், அவ்வளவுதான். தேங்க்ஸ்கிவிங் என்கிற இந்த நவம்பர் விடுமுறை அந்த வகை அல்ல. வருடக்கணக்கில் ஒருவர் எழுதி, கெஞ்சி, சளைக்காமல் கடிதம் போட்டு, நாலைந்து ஜனாதிபதிகளைத் துளைத்தெடுத்து வாங்கிய விடுமுறை அது. அந்த ஒருவர் கறுப்புத் தொப்பி வைத்த பில்கிரிம் அல்ல. ஐந்து பிள்ளைகளை வளர்த்த ஒரு விதவைப் பத்திரிகையாசிரியை. அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. ஆனால் அவரிடம் போவதற்கு முன் பில்கிரிம்களைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது.

நான் இருக்கும் மாசசூசெட்ஸில் இந்தக் கதை சொந்த ஊர்க் கதை. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தலைகீழ்ப் பாடம். 1620-ல் மேஃப்ளவர் கப்பலில் 102 பேர் இங்கிலாந்திலிருந்து வந்தார்கள். இவர்கள்தான் பில்கிரிம்கள். முதல் குளிர்காலத்தில் ஏறக்குறையப் பாதிப் பேர் செத்துப்போனார்கள். இரக்கப்பட்ட பூர்வகுடிகள் மக்காச்சோளம் போடச் சொல்லிக்கொடுத்தார்கள். 1621-ல் விளைச்சல் நன்றாக வந்தது. இரு தரப்பும் ஒன்றாக உட்கார்ந்து வான்கோழி சாப்பிட்டுக் கடவுளுக்கு நன்றி சொன்னார்கள். அன்றிலிருந்து ஆண்டுதோறும் தேங்க்ஸ்கிவிங்.

இதை முழுப்பொய் என்று தள்ள முடியாது. ஒவ்வொரு வரியிலும் கொஞ்சம் உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த 'அன்றிலிருந்து'தான் பெரிய பொய்.

அந்த விருந்தில் இருந்தவர் கைப்பட எழுதியதாக நமக்குக் கிடைப்பது ஒரே ஒரு பத்தி. எட்வர்ட் வின்ஸ்லோ என்பவர் 1621 டிசம்பர் 11 தேதியிட்டு இங்கிலாந்தில் உள்ள நண்பருக்குக் கடிதம் எழுதினார். மறு வருடம் அது லண்டனில் அச்சானது. அதில் நாலைந்து வாக்கியங்கள்தான் இந்த விஷயம். விளைச்சலை வீடு சேர்த்த பிறகு ஆளுநர் நாலு பேரைப் பறவை வேட்டைக்கு அனுப்பினார். ஒரே நாளில் அவர்கள் அடித்த பறவைகள் கிட்டத்தட்ட ஒரு வாரத்துக்குக் காணும் அளவு இருந்தன. துப்பாக்கி சுட்டு விளையாடினார்கள். பூர்வகுடித் தலைவர் மாசசோயிட் சுமார் 90 ஆட்களோடு வந்து சேர்ந்தார். மூன்று நாள் விருந்து. வந்தவர்கள் போய் ஐந்து மான்களை அடித்துக்கொண்டு வந்து கொடுத்தார்கள். தீர்ந்தது.

அந்தப் பத்தியில் வான்கோழியின் பெயர் இல்லை. காட்டு வான்கோழி அந்தப் பக்கம் நிறைய இருந்தது உண்மை. ஆளுநர் பிராட்ஃபோர்ட் தன் குறிப்பில் எழுதியிருக்கிறார். அன்றைய இலையில் விழுந்ததா என்பது வேறு கேள்வி. இன்றைய தேங்க்ஸ்கிவிங் மேஜையில் இருக்கும் மசித்த உருளைக்கிழங்கு நிச்சயம் இல்லை. உருளைக்கிழங்கு அங்கே இன்னும் வந்து சேரவில்லை. பூசணி இருந்தது, பூசணி பை செய்யக் கோதுமை மாவு இல்லை. கிரான்பெரி இருந்தது, சாஸ் காய்ச்சச் சர்க்கரை இல்லை. (கிரான்பெரி ஏறக்குறைய நம் களாக்காய் போலத்தான். எங்கள் வீட்டில் சாஸ் கிடையாது, நல்லெண்ணெய் விட்டுத் தொக்கு. வருகிற அமெரிக்கர்கள் அதைத்தான் முதலில் காலி செய்கிறார்கள்.)

மாசசோயிட்டை யாரும் அழைத்ததாக வின்ஸ்லோ எழுதவில்லை. வந்தார்கள் என்று மட்டும் எழுதுகிறார். துப்பாக்கிச் சத்தம் கேட்டு, என்ன நடக்கிறது என்று பார்க்க வந்திருப்பார்கள் என்பது மாசசோயிட்டின் இனத்தவரான இன்றைய வாம்பனோவாக் மக்கள் பலர் சொல்லும் விளக்கம். 90 பேர் ஆண்கள் மட்டும் என்பதைப் பார்த்தால் எனக்கும் அது நம்பும்படியாகத்தான் இருக்கிறது. குடும்ப விருந்துக்கு யார் பெண்டு பிள்ளைகளை விட்டுவிட்டு வருவார்கள்?

சமையல் கணக்கு ஒன்றும் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கும். கப்பலில் வந்த திருமணமான பெண்களில் அந்த இலையுதிர்காலம் வரை உயிரோடு இருந்தவர்கள் நாலே பேர். மற்ற எல்லாரும் குளிர்காலத்தில் போய்விட்டார்கள். ஐம்பது சொச்சம் ஆங்கிலேயர், 90 விருந்தாளிகள், மூன்று நாள். கூடமாட ஒத்தாசைக்குச் சில சின்னப் பெண்களும் வேலைக்காரர்களும் இருந்திருப்பார்கள். அந்த நாலு பெண்களில் ஒருத்தி சூசன்னா. பிப்ரவரியில் கணவனைப் பறிகொடுத்து, மே மாதம் மறுமணம் செய்துகொண்டவள். கட்டியவர் யார் என்றால் அதே வின்ஸ்லோ! வேட்டைக்குப் போன நாலு ஆண்களை எழுதத் தோன்றிய மனுஷனுக்கு, வீட்டில் பறவை உரித்துக்கொண்டிருந்த நாலு பெண்களை எழுதத் தோன்றவில்லை.

மக்காச்சோளம் போடக் கற்றுக்கொடுத்த 'இரக்கமுள்ள பூர்வகுடி'க்கு ஒரு பெயர் உண்டு. டிஸ்க்வாண்டம். பாடப்புத்தகத்தில் ஸ்க்வாண்டோ. ஒவ்வொரு குழிக்கும் மீன் உரமாக வைக்கச் சொல்லிக்கொடுத்தவர். அவர் சரளமாக ஆங்கிலம் பேசினார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள், எங்கே கற்றார் என்பதை அவ்வளவாகச் சொல்ல மாட்டார்கள். 1614-ல் தாமஸ் ஹன்ட் என்ற ஆங்கிலேயக் கப்பல் தலைவன் அவரையும் இன்னும் பலரையும் ஏமாற்றிக் கப்பலேற்றி, ஸ்பெயினில் மலாகா துறைமுகத்துக்குக் கொண்டுபோய் அடிமைகளாக விற்றான். எப்படியோ தப்பி லண்டன் போய்ச் சேர்ந்து, அங்கே ஒரு வணிகர் வீட்டில் இருந்து, 1619-ல் ஊர் திரும்பினார். ஊரில் யாரும் இல்லை. அவர் ஊரான பட்டக்செட், கப்பல்கள் கொண்டுவந்த கொள்ளைநோயில் மொத்தமாக அழிந்துபோயிருந்தது. மறு வருடம் வந்த பில்கிரிம்கள் குடியேறிய இடம் அதே பட்டக்செட். ஏற்கெனவே வெட்டித் திருத்தி வைத்த நிலம், ஆளில்லாமல் கிடந்தது. அவர் சோளம் போடக் கற்றுக்கொடுத்தது தன் சொந்த ஊர் மண்ணில்.

மாசசோயிட்டின் கைநீட்டலிலும் இரக்கத்தைவிடக் கணக்கு அதிகம். நோயில் அவருடைய ஆட்கள் ஏராளமாகச் செத்துவிட்டார்கள். மேற்கே நாரகன்செட் மக்களை நோய் அவ்வளவாகத் தொடவில்லை. பலமான பகையாளி பக்கத்தில் இருக்க, துப்பாக்கி வைத்த புது ஆட்களைத் துணையாக்கிக்கொள்வது புத்திசாலித்தனம். 1621 மார்ச்சில் ஒருவருக்கொருவர் துணை நிற்பதாக உடன்படிக்கை ஆனது. அந்த மூன்று நாள் விருந்து அதன் பின்னணியில் நடந்தது. இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? நல்ல ராஜதந்திரம். அவர் இருந்த வரை உடன்படிக்கை நிலைக்கவும் செய்தது.

அவர் மகன் காலத்தில் உடைந்தது. மெடாகாம் என்பது அவன் பெயர், ஆங்கிலேயர்களுக்கு 'அரசன் ஃபிலிப்'. நிலம் கையைவிட்டுப் போய்க்கொண்டே இருந்ததைப் பொறுக்க முடியாமல் 1675-ல் சண்டை மூண்டது. மறு வருடம் ஆகஸ்டில் அவனைச் சுட்டுக் கொன்றார்கள். தலையை வெட்டி, பில்கிரிம்கள் குடியேறிய பிளிமத் ஊரில் கம்பத்தில் நட்டார்கள். இருபது வருடத்துக்கு மேல் அது அங்கேயே இருந்தது. அவன் மனைவியும் சிறு மகனும் சிறைப்பட்டு அடிமைகளானார்கள். விருந்துக்கு ஐந்து மான் கொண்டுவந்தவரின் பேரன் அந்தப் பையன்.

ஊரிலிருந்து யாராவது வந்தால் பிளிமத்துக்கு அழைத்துப் போவது எங்கள் பக்கத்துத் தமிழர்கள் எல்லாருக்கும் ஒரு சடங்கு. பில்கிரிம்கள் முதலில் கால் வைத்ததாகச் சொல்லும் பாறையைப் பார்க்க. கடற்கரையில் பெரிய கருங்கல் தூண்கள் வைத்த மண்டபம். உள்ளே எட்டிப் பார்த்தால் பள்ளத்தில், கம்பிக்குப் பின்னால், மணல் மேல் ஒரு கல். 1620 என்று செதுக்கியிருக்கும். நடுவில் சிமென்ட் வைத்துப் பூசிய நீளக் கீறல். சில்லறைக் காசுகள் சிதறிக் கிடக்கும். வந்தவர்கள் முகத்தில் 'இதுக்கா இவ்வளவு தூரம் கூட்டியாந்தே?' என்பது அப்பட்டமாகத் தெரியும்.

அந்தக் கீறலுக்கு ஒரு கதை உண்டு. 1774-ல் அமெரிக்கப் புரட்சி உற்சாகத்தில் எருது பூட்டிப் பாறையை ஊருக்குள் இழுக்கப் பார்த்தார்கள். இரண்டாகப் பிளந்துவிட்டது. மேல்பாதியை மட்டும் கொண்டுபோனார்கள். 1880-ல்தான் இரண்டையும் மறுபடி ஒட்டினார்கள். 1620 என்று செதுக்கியதும் அப்போதுதான். சரி, இதுதான் அந்தப் பாறை என்று எப்படித் தெரியும்? 1741-ல், கப்பல் வந்து 121 வருடம் கழித்து, தாமஸ் ஃபான்ஸ் என்ற 94 வயதுக் கிழவர் சொன்னார். அவ்வளவுதான் ஆதாரம். வின்ஸ்லோவோ பிராட்ஃபோர்டோ எந்தப் பாறையையும் எழுதவில்லை.

பாறைக்கு முதுகைக் காட்டித் திரும்பினால் எதிரே கோல்ஸ் ஹில் என்ற மேடு. அதன் உச்சியில் கடலைப் பார்த்தபடி மாசசோயிட்டின் வெண்கலச் சிலை. எனக்குப் பாறையைவிட அந்த மேடுதான் முக்கியம். 1970-ல் மேஃப்ளவர் வந்த 350-ஆம் ஆண்டு விழாவுக்கு வாம்சட்டா ஃபிராங்க் ஜேம்ஸ் என்ற வாம்பனோவாக் தலைவரைப் பேச அழைத்தார்கள். பேச்சை முன்கூட்டியே வாங்கிப் படித்தார்கள். பில்கிரிம்கள் கரையேறிய சில நாளிலேயே பூர்வகுடிகளின் கல்லறைகளைத் தோண்டியதையும், புதைத்து வைத்திருந்த சோளத்தை எடுத்துக்கொண்டதையும் அவர் எழுதியிருந்தார். கட்டுக்கதை இல்லை, பில்கிரிம்களே அச்சிட்ட புத்தகத்தில் இருக்கும் சங்கதி. ஏற்பாட்டாளர்கள் வேறு பேச்சு எழுதித் தருகிறோம் என்றார்கள். அவர் மாட்டேன் என்றுவிட்டார். அந்த வருட தேங்க்ஸ்கிவிங் அன்று மாசசோயிட் சிலைக்கடியில் நின்று பேசினார். அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் அதே வியாழன் நண்பகலில் அங்கே 'தேசியத் துக்க நாள்' கூடுகிறது. ஊரெல்லாம் வான்கோழி வெந்துகொண்டிருக்கும் நேரத்தில் அங்கே வருபவர்களில் பலர் விரதம்.

விரதம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பில்கிரிம்கள் உள்ளிட்ட பதினேழாம் நூற்றாண்டுப் பியூரிட்டன்களுக்கு நன்றி நாள் என்றால் வயிறு புடைக்கச் சாப்பிடும் நாள் இல்லை. அவர்கள் கிறிஸ்துமஸையே ஏற்காதவர்கள். பைபிளில் இல்லாத பண்டிகை என்று 1659 முதல் 1681 வரை மாசசூசெட்ஸில் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம். அதற்குப் பதிலாக அவர்களிடம் இரண்டு வகை நாள் இருந்தது. பஞ்சம், நோய் வந்தால் ஆளுநர் உபவாச நாள் அறிவிப்பார். மழை பெய்தால், போரில் ஜெயித்தால் நன்றி நாள். நாள் முழுவதும் தேவாலயத்தில் பிரசங்கம். 1623-ல் நீண்ட வறட்சிக்குப் பின் மழை வந்தபோது பிளிமத்தில் அப்படி ஒரு நன்றி நாள் வைத்தார்கள். பில்கிரிம்களின் கணக்கில் உண்மையான நன்றி நாள் அதுதான். 1621 விருந்தை அவர்கள் அந்தப் பெயரால் அழைக்கவே இல்லை. 1637-ல் பீக்வாட் பூர்வகுடிகளைக் கொன்றொழித்ததற்கும் நன்றி நாள் அறிவிக்கப்பட்டது. நன்றி என்பது யாருடைய தட்டிலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

கொஞ்சம் கொஞ்சமாக நியூ இங்கிலாந்து மாநிலங்களில் இது இலையுதிர்கால வழக்கமாக மாறியது. பிரசங்கம் சுருங்கிச் சாப்பாடு நீண்டது. தேசிய அளவில் முதலில் கையெழுத்திட்ட ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன், 1789 நவம்பர் 26-க்கு. அதற்கும் நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு. தென் கரோலினா உறுப்பினர் டக்கர் என்பவர், இந்தப் புது அரசியல் சட்டம் மக்களுக்கு நல்லது செய்யுமா என்று தெரியும் முன்பே அதற்காக நன்றி சொல்லச் சொல்வது என்ன நியாயம் என்ற பொருளில் கேட்டார். எனக்கு அந்த ஆளைப் பிடித்திருக்கிறது. ஜெஃபர்சன் தன் எட்டு வருட ஆட்சியில் ஒரு நன்றி நாள்கூட அறிவிக்கவில்லை. மத விஷயத்தில் ஜனாதிபதிக்கு வேலை இல்லை என்பது அவர் கட்சி. அப்புறம் மாடிசன் ஒன்றிரண்டு முறை. பிறகு ஏறக்குறைய ஐம்பது வருடம் தேசிய அளவில் ஒன்றுமே இல்லை. மாநில ஆளுநர்கள் அவரவர் இஷ்டத்துக்கு ஒரு தேதி.

இதற்கிடையில் 1621 எங்கே போனது என்று கேட்டால், மறந்தே போயிற்று. வின்ஸ்லோவின் கடிதம் இருந்த புத்தகம் கிடைப்பதற்கரிதாகி, 1820 வாக்கில் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு பிரதி அகப்பட்டது. பிராட்ஃபோர்டின் கையெழுத்துப் பிரதி புரட்சிக் காலத்தில் காணாமல் போய், 1855-ல் லண்டன் பிஷப்பின் நூலகத்தில் இருப்பது தெரியவந்தது. 1841-ல் அலெக்சாண்டர் யங் என்ற பாஸ்டன் பாதிரியார் பழைய பில்கிரிம் ஆவணங்களைத் தொகுத்து வெளியிட்டார். வின்ஸ்லோவின் அந்தப் பத்திக்குக் கீழே, இதுதான் முதல் தேங்க்ஸ்கிவிங் என்று ஓர் அடிக்குறிப்பு போட்டார். 220 வருடம் கழித்து ஒரு பாதிரியாரின் அடிக்குறிப்பில் பிறந்தது 'முதல் தேங்க்ஸ்கிவிங்'.

இனி நம் ஆளுக்கு வருவோம். சாரா ஜொசீஃபா ஹேல், 1788-ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் நியூபோர்ட் என்ற ஊரில் பிறந்தவர். பெண்கள் கல்லூரிக்குப் போக முடியாத காலம். டார்ட்மத் கல்லூரியில் படித்த அண்ணன் விடுமுறைக்கு வரும்போது தான் படித்ததையெல்லாம் தங்கைக்குச் சொல்லிக்கொடுத்தான். வழக்கறிஞர் ஒருவரைக் கட்டிக்கொண்டார். 1822-ல் அவர் திடீரென இறந்தபோது கையில் நாலு பிள்ளை, வயிற்றில் ஒன்று. அன்று உடுத்திய கறுப்பு உடையை அவர் 90 வயதில் இறக்கும் வரை மாற்றவில்லை.

பிழைப்புக்கு எழுதத் தொடங்கினார். 1827-ல் 'நார்த்வுட்' என்ற நாவல் வந்தது. அதில் ஓர் அத்தியாயம் முழுக்க ஒரு நியூ ஹாம்ப்ஷயர் வீட்டின் தேங்க்ஸ்கிவிங் சாப்பாடு. மேஜைத் தலைமாட்டில் வறுத்த வான்கோழி, உள்ளே அடைத்த பூரணம், குழம்புக் கிண்ணம், பூசணி பை என்று ஒன்றுவிடாமல் வர்ணித்திருக்கிறார். இன்று அமெரிக்க மேஜையில் இருப்பது பில்கிரிம் சாப்பாடு அல்ல, இந்த நாவல் காட்டும் நியூ ஹாம்ப்ஷயர் வீட்டுச் சாப்பாடு. மேரியின் பின்னால் பள்ளிக்கூடத்துக்குப் போன ஆட்டுக்குட்டியைப் பற்றி நம் ஊர்க் கான்வென்ட் பிள்ளைகளும் பாடுகிறதே, அதையும் 1830-ல் எழுதியவர் இவரே. ஆக, தூத்துக்குடியிலும் திருச்சியிலும் எல்.கே.ஜி. படித்த எல்லாருக்கும் இந்த அம்மாள் ஏற்கெனவே அறிமுகம்.

1837 முதல் நாற்பது வருடம் அவர் நடத்திய பத்திரிகை 'கோடீஸ் லேடீஸ் புக்'. கையால் வண்ணம் தீட்டிய உடையலங்காரப் படங்கள், தையல் பாணிகள், சமையல் குறிப்பு, கதைகள்; எட்கர் ஆலன் போ கூட அதில் எழுதினார். 1860 வாக்கில் 1,50,000 சந்தாதாரர்கள், அன்றைய அமெரிக்காவில் மிகப் பெரிய எண்ணிக்கை. விக்டோரியா ராணி வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்தின் படத்தை ராணியின் கிரீடத்தை எடுத்துவிட்டு அமெரிக்கக் குடும்பம் போலத் திருத்தி 1850-ல் போட்டதும் இந்தப் பத்திரிகைதான். அரசியல் பேசக் கூடாது என்பது முதலாளி கோடியின் கண்டிப்பான உத்தரவு. உள்நாட்டுப் போரே நடந்தபோதும் அதைப் பற்றி அதில் பேச்சு மூச்சு இல்லை.

அரசியல் பேச முடியாத பத்திரிகையில் ஹேல் செய்த அரசியல்தான் தேங்க்ஸ்கிவிங். 1840-களின் நடுவிலிருந்து ஆண்டுதோறும் தலையங்கம்: எல்லா மாநிலமும் நவம்பரின் கடைசி வியாழனில் ஒரே நாளாகக் கொண்டாட வேண்டும். கூடவே வான்கோழிக் குறிப்பு, பை குறிப்பு, கண்ணீர் மல்கும் குடும்பக் கதை. தலையங்கத்தைப் படிக்காதவரும் குறிப்பைப் படித்துச் சமைப்பாரே! கூடவே ஒவ்வொரு ஆளுநருக்கும் கையால் எழுதிய கடிதம். வடக்கும் தெற்கும் அடிமை முறை விஷயத்தில் பிய்த்துக்கொண்டிருந்த நேரம். நாடு முழுவதும் ஒரே நாளில் ஒரே சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் பிளவு வராது என்று அவர் மனதார நம்பினார். அப்பாவித்தனமான நம்பிக்கை என்று இன்று எளிதாகச் சொல்லிவிடலாம். தெற்கிலோ சந்தேகம்: இது அடிமை ஒழிப்பு பேசும் வடக்குப் பாதிரிகளின் பண்டிகை. 1856-ல் விர்ஜீனியா ஆளுநர் ஹென்றி வைஸ் இதை நாடகக் கூத்து என்கிற தோரணையில் ஏளனம் செய்து மறுத்துவிட்டார்.

ஹேலைப் புனிதராக்கவும் எனக்கு மனமில்லை. பெண்கள் படிக்க வேண்டும், டாக்டராக வேண்டும் என்று பாடுபட்டவர், பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டாம் என்றார். அடிமைகளை விடுதலை செய்து ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிடலாம் என்கிற கட்சி. ஆனால் அந்த விடாப்பிடி இருக்கிறதே! ஜனாதிபதிகளுக்கு எழுதினார்: டெய்லருக்கு, ஃபில்மோருக்கு, பியர்ஸுக்கு, புகானனுக்கு. ஒன்றும் நடக்கவில்லை. 1863 செப்டம்பர் 28 அன்று லிங்கனுக்கு எழுதினார். அப்போது அவருக்கு 75 நெருங்கிக்கொண்டிருந்தது. ஆளுநர்களிடம் தனித்தனியாகப் போவதைவிட ஜனாதிபதியே அறிவித்தால் நிரந்தரமாகிவிடும் என்பது கடிதத்தின் சாரம்.

ஐந்தாம் நாள், அக்டோபர் 3-ஆம் தேதி, அறிவிப்பு வந்தது. எழுதியவர் வெளியுறவுச் செயலர் சீவர்ட், கையெழுத்து லிங்கன். இதைத் தேடி எடுத்துப் படித்துப் பாருங்கள், ஒரு பக்கம்தான். உள்நாட்டுப் போரில் கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்து மூன்று மாதம். நாடு ரத்தக்களறியாகக் கிடக்க, அறிவிப்பு விளைந்த வயல்களையும் நின்றுபோகாத கலப்பையையும் தறியையும் கப்பலையும் சுரங்கத்தையும் எண்ணிச் சொல்கிறது. பிறகு தேசத்தின் பாவத்துக்காகப் பணிந்து, விதவைகளுக்காகவும் அனாதைகளுக்காகவும் துக்கத்தில் இருப்பவர்களுக்காகவும் வேண்டிக்கொள்ளச் சொல்கிறது. பில்கிரிம் என்ற பேச்சே அதில் இல்லை. பிளிமத் இல்லை. வான்கோழி இல்லை. நவம்பர் 26 அன்று முதல் கடைசி-வியாழன் தேசிய தேங்க்ஸ்கிவிங் நடந்தபோது, சட்டனூகா சண்டை ஓய்ந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. என்னைக் கேட்டால் இந்தப் பண்டிகையின் பிறந்த நாள் அதுதான். தேசத்தில் பாதிக்கு அது எதிரி நாட்டுப் பண்டிகை.

பில்கிரிம்கள் பிறகுதான் மேடை ஏறினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலி, போலந்து, ரஷ்யா என்று கப்பல் கப்பலாக ஆட்கள் வந்து இறங்கியபோது, அவர்களின் பிள்ளைகளை அமெரிக்கர்களாக்க ஒரு கதை வேண்டியிருந்தது. கப்பலில் வந்து, கஷ்டப்பட்டு, கடவுளுக்கு நன்றி சொன்னவர்கள் என்பதைவிடப் பொருத்தமான கதை எங்கே கிடைக்கும்? போர் பற்றிப் பேச வேண்டியதில்லை, தெற்குக்கும் கோபம் வராது. 1914-ல் ஜென்னி பிரவுன்ஸ்கோம் வரைந்த ஓவியம் இன்றும் பாடப்புத்தகங்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் பூர்வகுடிகள் தலையில் பெரிய கழுகிறகுக் கிரீடம். வாம்பனோவாக் மக்கள் அதை அணிந்ததில்லை. அது ஆயிரத்துச் சொச்சம் மைலுக்கு அப்பால் சமவெளியில் வாழ்ந்தவர்களுடையது.

விர்ஜீனியாக்காரர்களுக்கு இந்த பிளிமத் கதை தீராத எரிச்சல். 1619-லேயே எங்கள் பெர்க்லி தோட்டத்தில் நன்றி நாள் நடந்துவிட்டதே என்று ஒரு மாநில செனட்டர் 1962-ல் வெள்ளை மாளிகைக்குத் தந்தி அடித்தார். கென்னடியின் ஆலோசகரான வரலாற்றாசிரியர் ஷ்லெசிங்கர், எங்கள் நியூ இங்கிலாந்துப் பாசம் கண்ணை மறைத்துவிட்டது என்கிற மாதிரி மன்னிப்புக் கேட்டு எழுதினார். மறு வருடக் கென்னடியின் அறிவிப்பில் விர்ஜீனியாவும் சேர்ந்துகொண்டது. ஃபுளோரிடாக்காரர்கள் 1565-ஐக் காட்டுவார்கள். இந்தச் சண்டையில் எனக்கு அக்கறை இல்லை.

தேதிச் சண்டைதான் சுவாரசியம். லிங்கனுக்குப் பின் வந்த ஜனாதிபதிகள் ஓரிரு முறை தவிரக் கடைசி வியாழனையே அறிவித்து வந்தார்கள், ஆனால் அது பழக்கம்தான், சட்டம் இல்லை. தான் இறப்பதற்கு முன் நாடாளுமன்றமே இதைச் சட்டமாக்கிவிட வேண்டும் என்று ஹேல் எழுதிப் பார்த்தார். 1879-ல் போய்ச் சேர்ந்தார், சட்டம் வரவில்லை.

1939-ல் நவம்பருக்கு ஐந்து வியாழன். கடைசி வியாழன் 30-ஆம் தேதி. கிறிஸ்துமஸ் வியாபாரம் தேங்க்ஸ்கிவிங் முடிந்துதான் சூடுபிடிக்கும், நாள் போதாது என்று பெரிய கடைக்காரர்கள் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டிடம் முறையிட்டார்கள். அவரும் ஒரு வாரம் முன்னால் 23-க்கு மாற்றிவிட்டார், அதுவும் ஆகஸ்டில் சாவகாசமாக. வந்தது வினை. காலண்டர் அச்சிட்டவர்கள் தலையில் கைவைத்தார்கள். கல்லூரிக் கால்பந்துப் போட்டிகளின் தேதி எல்லாம் அந்த வியாழனை வைத்துக் குறித்தாயிற்று. அட்லாண்டிக் சிட்டி மேயர் அதற்கு 'ஃபிராங்க்ஸ்கிவிங்' என்று பெயர் வைத்தார். முந்தைய தேர்தலில் ரூஸ்வெல்ட்டிடம் தோற்ற லேண்டன், ஹிட்லரைப் போல நடந்துகொள்கிறார் என்கிற அளவுக்குப் போனார். 48 மாநிலங்களில் 23 புதுத் தேதி, 22 பழைய தேதி, டெக்சஸ் உட்பட மூன்று மாநிலங்கள் எதற்கு வம்பு என்று இரண்டு நாளும் விடுமுறை விட்டன. கணவன் வேலை ஒரு மாநிலத்தில், பிள்ளைகளின் கல்லூரி இன்னொன்றில் என்று இருந்த குடும்பங்கள் அந்த வருடம் ஒன்றாகச் சாப்பிட முடியவில்லை. ஒரே நாளில் எல்லாரும் மேஜையில் உட்கார வேண்டும் என்று பதினேழு வருடம் கடிதம் எழுதிய அம்மாள் இருந்திருந்தால் ரூஸ்வெல்ட்டுக்கு எத்தனை கடிதம் போயிருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

வியாபாரம் ஒன்றும் கூடவில்லை என்று 1941-ல் ரூஸ்வெல்ட்டே ஒப்புக்கொண்டார். கடைசி வியாழன் என்று இருந்ததை நாலாவது வியாழன் என்று திருத்தி நாடாளுமன்றம் சட்டம் போட்டது. டிசம்பர் 26 அன்று, பேர்ல் ஹார்பர் குண்டுவீச்சுக்கு மூன்றாம் வாரம், கையெழுத்தானது. ஹேல் கேட்ட சட்டம் அவர் இறந்து 62 வருடம் கழித்து, கடைக்காரர்களின் புண்ணியத்தில் வந்தது. அதற்கும் டெக்சஸ் மசியவில்லை. நவம்பரில் ஐந்து வியாழன் வந்தபோதெல்லாம் பழைய கடைசி வியாழனையே பிடித்துக்கொண்டு 1956 வரை தனியாகக் கொண்டாடியது.